தலைப்பைத் திருத்தியவள்

மார்ச் 4, திங்கள்

ஜெயித்துவிட்டேன். இன்று முதல் இரண்டு மாதத்துக்கு ‘முச்சந்தி’யில் தலைப்புகளைத் திருத்தும் அதிகாரம் என்னுடையது.

பிற்பாடு புரட்டினால் எனக்கே மறந்திருக்கும், அதனால் விவரமாக எழுதி வைக்கிறேன். முச்சந்தி என்பது கோயம்புத்தூரிலிருந்து குமணன் என்ற தம்பி நடத்துகிற இணையதளம். எங்கேயாவது ஒரு செய்தியோ கட்டுரையோ கண்ணில் பட்டால் உறுப்பினர்கள் அதன் சுட்டியை, அதாவது லிங்க்கை, கொண்டுவந்து அங்கே போடுவார்கள். மேலே ஒரு தலைப்பு; கீழே எல்லோரும் கூடிப் பேச இடம். பிடித்ததற்கு ஓட்டுப் போட்டால் அது பக்கத்தில் மேலே ஏறும். நாற்பதாயிரம் பேர் இருக்கிறோம். ஐந்து வருஷமாக நான் அதில் மட்டுறுத்துநர். சண்டை முற்றினால் விலக்கிவிடுகிற வேலை. சம்பளம் கிடையாது, திட்டு உண்டு.

மூலத்தில் என்ன தலைப்பு இருக்கிறதோ அதை அப்படியே போட வேண்டும் என்பது குமணனின் கட்சி. நேற்று போனில் ஒன்றரை மணி நேரம்.

“அக்கா, அடுத்தவங்க வச்ச பேரை மாத்த நாம யாரு?”

“பேரா அது? ‘இதைப் பார்த்தால் அசந்துபோவீர்கள்’ங்கறது ஒரு பேரா தம்பி? எதைப் பார்த்தா?”

இருபத்தோரு வருஷமாகத் திருச்சி ஜங்ஷன் விசாரணை கவுண்டரில் உட்கார்ந்திருக்கிறேன். வண்டி எப்போது வரும் என்று கேட்பவரிடம், “வந்ததும் அசந்துபோவீங்க” என்றா சொல்கிறேன்? எந்த வண்டி, எந்த பிளாட்பாரம், எத்தனை நிமிஷம் லேட். ஒரே மூச்சில் சொல்லிவிடுவேன். கேட்டவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார். தலைப்பும் அப்படித்தான். திறக்காமல் போகிறவனுக்கும் விஷயம் தெரிய வேண்டும். இதைச் சொன்னதும்தான் குமணன் இறங்கி வந்தான். “சரிக்கா, ரெண்டு மாசம் செஞ்சு பாருங்க” என்றான்.

முதல் திருத்தம்: “இந்த ஒரு காய் போதும், டாக்டரே தேவையில்லை!” என்பதை “சுரைக்காயில் நீர்ச்சத்து அதிகம் என்கிறது கட்டுரை, புதிதாக எதுவும் இல்லை” என்று மாற்றினேன். தொண்ணூறு எழுத்துக்குள் அடங்க வேண்டும் என்பது தளத்தின் அளவு. அடங்கியது.

மார்ச் 6, புதன்

கேஸ் சிலிண்டர் வந்தது. மிக்ஸி ஜாருக்கு வாஷர் மாற்றினேன். இருபத்திரண்டு தலைப்புகள்.

துபாயிலிருந்து ஒருவர் எழுதியிருக்கிறார்: “டீ பிரேக் பத்து நிமிஷம்தான் மேடம். முன்னெல்லாம் ரெண்டு சுட்டி திறக்கறதுக்குள்ள முடிஞ்சுடும். இப்ப பத்து விஷயம் தெரிஞ்சுக்கிட்டு வேலைக்குப் போறேன்.”

தங்கராஜிடம் படித்துக் காட்டினேன். என் வீட்டுக்காரர் பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வெல்டர். முச்சந்தி பக்கமே வரமாட்டார். “அப்ப அவரு எதையும் திறக்கறதே இல்லையா?” என்று கேட்டார். நல்ல விஷயத்தைச் சொன்னால் இப்படித்தான் குறுக்கே ஏதாவது கேட்பார்.

மார்ச் 9, சனி

குமணன் கணக்கு அனுப்பியிருக்கிறான். சுட்டியைத் திறப்பவர்கள் மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிட்டார்களாம். ஆனால் கருத்து எழுதுகிறவர்கள் கூடியிருக்கிறார்கள்.

“படிக்காமலே பேசறாங்கக்கா. தலைப்புலயே எல்லாம் தெரிஞ்சுடுச்சுன்னு நினைச்சுக்கறாங்க.”

“தெரிஞ்சுதானே பேசறாங்க? முன்னாடி தெரியாமப் பேசினாங்க. இது தேவலாம்.”

அதோடு பேச்சை முடித்தேன்.

ஒரே ஒரு தொல்லை. ‘கடைசிபெஞ்ச்’ என்ற பெயரில் எழுதும் ஒருவர். ஆணோ பெண்ணோ தெரியாது. நேற்று யாரோ ஒரு சிறுகதையின் சுட்டியைப் போட்டிருந்தார்கள். நான் தலைப்பை “கப்பலுக்குப் போன கணவன் கடைசிவரை திரும்பவில்லை: சிறுகதை” என்று திருத்தினேன். அதற்கு கடைசிபெஞ்ச், “மிக்க நன்றி, என் நேரம் மிச்சம். அடுத்து விடுகதைகளுக்கும் விடையைத் தலைப்பில் போடுங்கள்” என்று எழுதியிருக்கிறார். எண்பது பேர் அதற்கு ஓட்டு.

சரி, கதைகளுக்கு விலக்கு. அது என் தவறு இல்லை. விதியில் முன்பே எழுதியிருக்க வேண்டும்.

மார்ச் 13, புதன்

காலை ஷிப்ட். திரும்பி வந்து புளிக்காய்ச்சல் கிண்டிப் புளியோதரை கட்டி வைத்தேன். நாத்தனார் மகளுக்கு மாலையில் வளைகாப்பு. பட்டுப்புடவைக்கு ஃபால்ஸ் தைத்து வாங்கி வர வேண்டியிருந்தது. அதற்கு நடுவில் பதினேழு தலைப்புகள். வாசலில் ஆட்டோ ஹார்ன் அடித்துக்கொண்டிருக்கும்போதே கடைசி நான்கையும் முடித்தேன். வேகம் கூடியிருக்கிறது.

அதில் ஒன்று மட்டமான தலைப்பு: “துடிதுடித்த வாயில்லா ஜீவன்கள்... பின்னணியில் பெண் டாக்டர்? பகீர் தகவல்!” யார், எங்கே, என்ன, ஒன்றும் இல்லை. அதை இப்படி மாற்றினேன்: “வடகரைப்பேட்டையில் கால்நடை மருத்துவர் போட்ட தடுப்பூசியால் 11 தெருநாய்கள் சாவு.” முதலில் கொஞ்சம் நீளமாக இருந்தது, எழுத்து எண்ணிக்கை தாண்டியதால் சுருக்கினேன். ஊர், ஆள், காரணம், எண்ணிக்கை எல்லாம் இருக்கிறது. தலைப்பு என்றால் இப்படி இருக்க வேண்டும்.

வளைகாப்பு நன்றாக நடந்தது. ஏழு வகை சாதம். தயிர் சாதம் மட்டும் புளித்திருந்தது.

மார்ச் 14, வியாழன்

நாய்ச் செய்திக்குத் தொள்ளாயிரம் கருத்துகள்! முச்சந்தி தொடங்கியதிலிருந்து எதற்கும் இவ்வளவு வந்ததில்லை. எல்லோரும் கொதித்துப்போயிருக்கிறார்கள். ஒருவர் அந்த டாக்டரின் கிளினிக் போன் நம்பரைத் தேடிப் போட்டிருந்தார். உடனே நீக்கினேன், விதி விதிதான். அதற்குள் எத்தனை பேர் எடுத்துக்கொண்டார்களோ தெரியாது.

குமணனுக்கு அனுப்பினேன்: “பார்த்தியா? விஷயம் தெரிந்தால் ஜனம் பேசும்.”

மார்ச் 15, வெள்ளி

கடைசிபெஞ்ச் அந்தச் செய்திக்குக் கீழே என்னிடம் ஒரு கேள்வி கேட்டிருக்கிறார். பதில் எழுத நேரமில்லை. கவுண்டரில் கூட்டம்.

மார்ச் 16, சனி

தளத்தின் மின்னஞ்சல் பெட்டிக்கு ஒரு கடிதம். அப்படியே எடுத்து எழுதுகிறேன்.

“நான் வடகரைப்பேட்டை கால்நடை மருத்துவர் அங்கயற்கண்ணி. ஊருக்கு ஒரே டாக்டர் என்பதால் பெயர் போடாவிட்டாலும் அது நான்தான். உங்கள் தலைப்பைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார்கள். அந்தப் படத்தில் தலைப்பு மட்டும்தான் இருக்கிறது, செய்தி இல்லை. இதை எழுதியவர் செய்தியைப் படித்தாரா என்று தெரிந்துகொள்ள விரும்புகிறேன்.”

நான் பதில் எழுதி வைத்தேன்: செய்தியில் உள்ளதைத்தான் சுருக்கித் தந்தோம், ஆட்சேபம் இருந்தால் செய்தி வெளியிட்டவர்களைக் கேட்கவும். அனுப்பவில்லை. அதற்குள் குமணன் கூப்பிட்டான்.

“அக்கா, ஆறாவது பத்தியைப் பார்த்தீங்களா?”

“எந்த ஆறாவது?”

“அந்த நாய்ச் செய்தியில. முதல் ரெண்டு பத்தி தெருக்காரங்க சொல்ற புகார். ஊசி போட்ட மறுநாளே செத்துச்சுன்னு. ஆறாவதுல ஆய்வுக்கூட ரிப்போர்ட் இருக்கு. பூச்சிமருந்து கலந்த கோழிக்கழிவைத் தின்னு செத்திருக்கு. பதினொண்ணுல மூணு நாய்க்கு ஊசியே போடலையாம்.”

“நான் சுருக்கினேன். தொண்ணூறு எழுத்து...”

“அந்த மட்டமான தலைப்புல கூட ஒரு கேள்விக்குறி இருந்துச்சுக்கா.”

அவனே, “சத்தமில்லாமத் தூக்கிடலாம். ரெண்டு நாள்ல மறந்துடுவாங்க” என்றான். நாளைக்குச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன்.

இதையும் எழுதி வைக்கிறேன்: கடைசிபெஞ்ச் நேற்றுக் கேட்டதும் ஆறாவது பத்தியைப் பற்றித்தான்.

மார்ச் 17, ஞாயிறு

ஃப்ரிட்ஜைக் காலி செய்து துடைத்தேன். பரண்மேல் இருந்த பாத்திரங்களை இறக்கிக் கழுவி மறுபடி ஏற்றினேன். அயர்ன் பண்ணினேன், தங்கராஜின் யூனிஃபார்ம் உட்பட. சங்கரா மீன் குழம்பு.

சாப்பிடும்போது தங்கராஜ், “என்ன ஆச்சு உனக்கு? காலையிலேருந்து போனையே தொடலையே” என்றார்.

“ஒண்ணுமில்லை.”

“இது தலைப்பா, செய்தியா?”

சாதத்தைப் பிசைந்துகொண்டே சொன்னேன். முழுவதையும் சொன்னேன். அவர் குறுக்கே பேசவில்லை. கடைசியில், “நீ படிச்சியா இல்லையா? அதை மட்டும் சொல்லு” என்றார்.

“ரெண்டு பத்தி படிச்சேன்.”

“அப்புறம்?”

“ஆட்டோ வந்துடுச்சு.”

அவர் மீன் முள்ளை ஓரமாக ஒதுக்கினார். “வெல்டிங்ல பாதிப் பத்த வச்சுட்டு ஆட்டோ வந்துடுச்சுன்னு போனா, அந்தப் பெட்டியில யாரு ஏறுவாங்கன்னு நான் யோசிக்கணும்ல?” என்றார். தட்டை அவரே கழுவினார்.

இப்போது உண்மையை எழுதுகிறேன். 13-ம் தேதி அந்தச் செய்தியை நான் திறந்ததற்கும் தலைப்பைச் சேமித்ததற்கும் நடுவில் நாற்பது விநாடி. தளத்தின் பதிவேட்டில் இருக்கிறது, இன்று பார்த்தேன். நான் முதலில் அடித்தது “...தெருநாய்கள் சாவு என்று குடியிருப்போர் புகார்” என்றுதான். எழுத்துக் கூடிப்போனது. ‘என்று குடியிருப்போர் புகார்’ என்பதை நான்தான் அழித்தேன். சுருங்கியதும் தலைப்பு பலமாக இருந்தது. அது எனக்குப் பிடித்திருந்தது.

படிக்காமல் பேசுகிறார்கள் என்று குமணன் சொன்னபோது அவனை மடக்கியவள் நான். படிக்காமல் எழுதியவளும் நான்.

மார்ச் 18, திங்கள்

மத்தியான இடைவேளையில், பார்சல் ஆபீஸ் பின்னால் வேப்பமரத்தடியில் நின்று கூப்பிட்டேன். கிளினிக் போன் அணைக்கப்பட்டிருந்தது. கடிதத்தின் அடியில் கொடுத்திருந்த இன்னொரு நம்பரில் எடுத்தார்.

“டாக்டர் அங்கயற்கண்ணிங்களா? நான் திருச்சியிலேருந்து சுகந்தி பேசறேன். முச்சந்தியில அந்தத் தலைப்பை எழுதினது நான்தான்.”

போனில் பின்னால் ஒரு கன்றுக்குட்டி கத்தியது.

“நான் யாரோ சின்னப் பசங்கன்னு நினைச்சேன்” என்றார்.

“எனக்கு நாப்பத்தெட்டு வயசு.”

“செய்தியைப் படிச்சீங்களா?”

“ரெண்டு பத்தி படிச்சேன்.”

“அந்த ஆறாவது பத்திக்காக நான் எவ்வளவு அலைஞ்சேன் தெரியுமா? ஆய்வுக்கூடத்துல நின்னு ரிப்போர்ட் வாங்கி, அந்த நிருபர் கையில குடுத்தேன். செய்தியில வந்துட்டா எல்லாம் சரியாயிடும்னு நினைச்சேன்.” கோபமாகப் பேசியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் களைத்துப்போன குரலில் சொன்னார். “கிளினிக் போர்டுல சாணி அடிச்சுட்டாங்க. அது கழுவினாப் போயிடும். பேரூராட்சியில வெறிநோய்த் தடுப்பூசி முகாமை நிறுத்திட்டாங்க. அறுபது நாய்க்குப் போட்டேன், இன்னும் எண்பது பாக்கி. முந்தாநாள் ஆறு வயசுப் பொண்ணை ஒரு நாய் கடிச்சுடுச்சு. ஓடிப்போய் நாயைத்தான் முதல்ல பார்த்தேன். நான் ஊசி போட்ட நாய்க்கு நெத்தியில பச்சை மை வச்சிருப்பேன். இதுக்கு இல்லை.”

“பொண்ணு?”

“ஆஸ்பத்திரியில ஊசி போட ஆரம்பிச்சுட்டாங்க. நல்லாயிருக்கா. அந்த நாயைக் கட்டி வச்சுப் பார்த்துக்கிட்டிருக்கேன்.”

“மன்னிச்சிருங்க டாக்டர்.”

“அது உங்களுக்கு ஆறுதல். எனக்கு என்ன செய்வீங்க?”

அந்தப் பதிவைத் தூக்கிவிடலாம் என்று ஒரு யோசனை இருக்கிறது என்றேன்.

“தூக்காதீங்க. நான்தான் ஆள் வச்சு அழிச்சுட்டேன்னு சொல்வாங்க. படிச்ச அத்தனை பேரும் படிச்சதோட நிப்பாங்க.”

“அப்ப, ‘டாக்டர் குற்றமற்றவர்’னு ஒரு தலைப்பு...”

“வேண்டாம்மா!” அப்போதுதான் குரல் உயர்ந்தது. “என்னையும் செத்த நாயையும் மறுபடி ஒரே வரியில எழுதாதீங்க. நாய் எதனால செத்துச்சோ அதை எழுதுங்க. தப்பா எழுதினது யாருன்னு எழுதுங்க. போதும்.”

கவுண்டருக்குத் திரும்பினேன். மயிலாடுதுறை வண்டி கேட்டவருக்கு இரண்டு தடவை பார்த்துவிட்டுச் சொன்னேன்.

மார்ச் 19, செவ்வாய்

லீவு போட்டேன். ஒரு தலைப்பு எழுத.

பதினோரு தடவை எழுதிப் பார்த்தேன். “திருத்தம்” என்று மொட்டையாகப் போட்டால் யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். “தவறுக்கு வருந்துகிறோம்” என்றால் என்ன தவறு, யார் வருந்துகிறார்கள்? இரண்டு வாரமாக ஊரார் தலைப்பையெல்லாம் எந்தக் கேள்வி கேட்டேனோ அதே கேள்வியை என்னிடமே கேட்டுக்கொண்டேன். கடைசியில் நின்றது:

“என் தலைப்பு தவறு: வடகரைப்பேட்டை நாய்கள் இறந்தது பூச்சிமருந்தால், ஊசியால் அல்ல – சுகந்தி”

அதற்குக் கீழே: செய்தியின் முதல் இரண்டு பத்திகளை மட்டும் படித்துவிட்டு நாற்பது விநாடியில் அந்தத் தலைப்பை எழுதினேன். ‘புகார்’ என்ற சொல்லை அழித்தேன். ஆய்வுக்கூட அறிக்கை ஆறாவது பத்தியில் இருக்கிறது. படத்தை யாருக்கெல்லாம் அனுப்பினீர்களோ அவர்களுக்கே இதையும் அனுப்புங்கள்.

குமணன் பதறிவிட்டான். “நிர்வாகம்னு போட்டுக்கலாம்க்கா. உங்க பேரு எதுக்கு? இதுவரைக்கும் மட்டுறுத்துநர் யாருன்னு யாருக்கும் தெரியாது. கிழிச்சுடுவாங்க.”

“நிர்வாகம்னா யாரு? நீ தப்புப் பண்ணலையே.”

“நாற்பது விநாடிங்கறதையாவது எடுத்துடுங்க.”

“அதுதான் தம்பி விஷயமே. அதை விட்டுட்டா இதுவும் பாதிச் செய்தி.”

பழைய பதிவின் தலைப்பையும் மாற்றினேன். தவறான தலைப்பை அழிக்காமல் குறுக்கே கோடு போட்டுப் பக்கத்திலேயே வைத்தேன். திருத்தத்தைக் கீழே இறங்காதபடி பக்கத்தின் உச்சியில் குத்தி வைத்தேன். தவறு ஆறு நாள் நின்றது. திருத்தம் பன்னிரண்டு நாள் நிற்கும்.

மார்ச் 20, புதன்

கிழித்துவிட்டார்கள். எனக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள்: ரெண்டு பத்தி அக்கா.

மார்ச் 22, வெள்ளி

குமணன் கணக்கு: தவறான தலைப்பைப் பார்த்தவர்கள் அறுபத்தோராயிரம், வெளியாட்கள் உட்பட. திருத்தத்தைப் பார்த்தவர்கள் இதுவரை ஒன்பதாயிரம். வாட்ஸ்அப்பில் போனது எந்தக் கணக்கிலும் இல்லை.

‘கடைசிபெஞ்ச்’ தனியாக எழுதியிருக்கிறார்: “நீங்கள் பெயரைப் போடுவீர்கள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. ஒரு சந்தேகம். விலகப் போகிறீர்களா?”

இல்லை என்று பதில் எழுதினேன். விலகினால் எனக்கு நிம்மதி, அவ்வளவுதான். அடுத்து வருகிறவருக்கும் வாசலில் ஒரு ஆட்டோ நிற்கும். எங்கே வழுக்கும் என்பது எனக்குத் தெரிந்துவிட்டது. நான் இருப்பதுதான் நல்லது.

மார்ச் 24, ஞாயிறு

குமணன் கோயம்புத்தூரிலிருந்து நேரிலேயே வந்துவிட்டான். முதல் தடவையாகப் பார்க்கிறேன். இவ்வளவு உயரம் என்று நினைக்கவில்லை. தங்கராஜ் அவனுக்கு ஆம்லெட் போட்டார்.

“பேசாம பழைய மாதிரியே மூலத் தலைப்புக்குப் போயிடுவோமாக்கா? அப்ப தப்பு அவங்களோடது. நம்ம கை சுத்தம்” என்றான்.

“‘பின்னணியில் பெண் டாக்டர்?’னு அப்படியே விட்டிருந்தா மட்டும் அந்தம்மா போர்டுல சந்தனமா பூசியிருப்பாங்க? கேள்விக்குறியைப் போட்டுட்டு ஒதுங்கிக்கறதும் கை சுத்தம் இல்லை. தலைப்பு விஷயத்தைச் சொல்லணும். நான் சொன்னதுல அது தப்பில்லை. தலைப்போட எத்தனை பேர் நின்னுடறாங்கன்னு நீ கணக்குக் குடுத்தே பாரு, அதுதான் எனக்கு உறைக்கலை. நின்னுடுவாங்கன்னு தெரிஞ்சே எழுதணும்.”

மத்தியானம் வரை சண்டை போட்டு முடிவுக்கு வந்தோம். திருத்திய தலைப்புக்குப் பக்கத்தில் திருத்தியவர் பெயர் இருக்கும். மூலத் தலைப்பு கீழே சின்ன எழுத்தில் நிற்கும். யாரோ சொன்னது என்றால் சொன்னவர் யார் என்பது தலைப்பிலேயே வரவேண்டும், இடம் போதாவிட்டால் வேறு எதையாவது வெட்டவேண்டும். தொண்ணூறு எழுத்து என்பதை நூற்றிருபதாக்கச் சம்மதித்தான். கதைகளையும் நகைச்சுவையையும் தொடுவதில்லை. ஒரு நாளைக்கு ஐந்து தலைப்புக்குமேல் நான் திருத்தக் கூடாது என்று அவன் ஒரு நிபந்தனை போட்டான். எட்டு கேட்டேன். ஐந்துதான் என்றான். ஒப்புக்கொண்டேன்.

மார்ச் 29, வெள்ளி

ஐந்து தலைப்புகள். ஒவ்வொன்றையும் கடைசி வரி வரை படித்தேன். ஒரு செய்தியில் கடைசி வரியில்தான் விஷயமே இருந்தது.

மார்ச் 31, ஞாயிறு

இன்றோடு பன்னிரண்டு நாள். திருத்தத்தை உச்சியிலிருந்து இறக்கினேன். பதினெட்டாயிரம் பேர் பார்த்திருக்கிறார்கள்.

ஏப்ரல் 3, புதன்

டாக்டரிடமிருந்து செய்தி. கடித்த நாய் பத்து நாளுக்கு மேலாகியும் நன்றாகத் தின்கிறது, அதற்கு வெறி இல்லை. அந்தப் பெண் பள்ளிக்கூடம் போகிறாள். ஆய்வுக்கூட அறிக்கையையும் என் திருத்தத்தையும் அச்செடுத்துப் பேரூராட்சியில் கொடுத்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை முகாம் நடத்த அனுமதி கிடைத்துவிட்டதாம்.

“வரணுமா டாக்டர்?” என்று கேட்டேன்.

“நாய் பிடிக்கத் தெரியுமா?”

“தெரியாது.”

“வாங்க. நோட்டுல எழுத ஆள் வேணும். முழுசா எழுதுவீங்கதானே?” என்றார். சிரித்தாரா என்று போனில் தெரியவில்லை.

ஏப்ரல் 7, ஞாயிறு

காலை ஆறேகால் பஸ்ஸில் நானும் தங்கராஜும் போய் மணப்பாறையில் வண்டி மாறி எட்டரைக்கு வடகரைப்பேட்டையில் இறங்கினோம். டாக்டர் அங்கயற்கண்ணி என்னைவிடப் பத்து வயது சின்னவராக இருப்பார். முழங்கால் வரை பூட்ஸ், தோளில் ஐஸ் பெட்டி. என்னைப் பார்த்ததும், “நீங்கதானா” என்றார். அவ்வளவுதான். நோட்டைக் கையில் கொடுத்தார்.

முதல் தெருவில் சிக்கல் இல்லை. வலை வீச இரண்டு பேர் வந்திருந்தார்கள், ஒன்பது நாய். நிறம், ஆணா பெண்ணா, நின்ற இடம் எல்லாம் எழுதினேன். தங்கராஜ் பச்சை மை வைத்தார். ஒரு நாய் அவர் கையை நக்கியது. அதற்கப்புறம் மனுஷன் வேறு யார் பேச்சையும் கேட்கவில்லை.

இரண்டாவது தெரு, நாய்கள் செத்த தெரு. எங்களைப் பார்த்ததும் கதவுகள் சாத்தின. ஒரு வீட்டு வாசலில் மட்டும் ஒரு அம்மா முறத்தில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தார். காலடியில் ஒரு செவலை நாய்.

டாக்டர் தள்ளியே நின்றுவிட்டார். “நீங்க போங்க” என்றார் என்னிடம்.

“அம்மா, நாய்க்கு ஊசி போட்டுரலாமா?”

“ஊசி போட்டுக் கொன்ன டாக்டரம்மாதானே அது? என் பேத்தி போன்ல காட்டினா. பெரிசு பெரிசா எழுதியிருந்துச்சு.”

“எழுதியிருந்தது தப்பும்மா.”

“உனக்கு எப்படித் தெரியும்?”

“அதை எழுதினதே நான்தான்.”

முறம் நின்றது. அந்த அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார். கவுண்டரில் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து பேசிப் பழகியவள் நான். இங்கே கண்ணாடி இல்லை. சொன்னேன். அவசரத்தில் பாதிதான் படித்தேன், நாய்கள் செத்தது குப்பையில் கிடந்த கோழிக்கழிவைத் தின்று, அதில் பூச்சிமருந்து இருந்தது, செத்ததில் மூன்று நாய்க்கு டாக்டர் ஊசியே போடவில்லை. எழுத்து எண்ணாமல் சொன்னேன். அவர் இடையில் இரண்டு கேள்வி கேட்டார். இரண்டுக்கும் பதில் சொன்னேன்.

“இவளுக்கு வலிக்குமா?” என்றார், நாயைக் காட்டி.

டாக்டர் அங்கிருந்தபடியே, “எறும்பு கடிச்ச மாதிரிதான் இருக்கும் ஆச்சி” என்றார்.

அந்த அம்மா முறத்தைக் கீழே வைத்துவிட்டு, நாயின் தலையை இரண்டு கையாலும் மடியில் சேர்த்துப் பிடித்துக்கொண்டார். ஊசி போட்டு முடிந்தது. தங்கராஜ் பச்சை வைத்தார். நோட்டில் எழுதினேன்: செவலை, பெண், வாசலில்.

கிளம்பத் திரும்பினேன். அந்த அம்மா என் புடவைத் தலைப்பைப் பிடித்து நிறுத்தினார்.

“என்கிட்ட மட்டும் சொல்லிட்டுப் போனா எப்படி? எதிர் வீட்டுல மூணு நாய் இருக்கு. அவங்களும் அதைத்தான் நம்பிக்கிட்டு உக்காந்திருக்காங்க. அதுக்கு அடுத்த வீட்டுலயும்தான்.”

தெருவைப் பார்த்தேன். இரண்டு பக்கமும் சேர்த்து முப்பது வீடு இருக்கும். டாக்டர் ஐஸ் பெட்டியைத் தரையில் இறக்கி வைத்தார்; காத்திருப்பதாகத் தலையசைத்தார்.

எதிர் வீட்டுக் கதவைத் தட்டினேன்.